சுவிட்ச் இல்லாத மின்சாரம்

வெயிலில் கிடக்கும் சோலார் பேனலின் இரண்டு கம்பிகளையும் எதனோடும் இணைக்காமல் விட்டுவிட்டால் அதற்கு என்ன ஆகும்? நம்மிடையே இரண்டு பதில்கள் உலவுகின்றன. கம்பியைக் கழற்றியதும் பேனல் அடங்கிவிடும், அதில் ஒன்றும் இருக்காது என்கிறார்கள் சிலர். எடுக்கப்படாத மின்சாரம் உள்ளேயே தேங்கிப் பேனலைக் கருக்கிவிடும் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுமே தவறு. ஆனால் இரண்டும் ஒரே பழக்கத்திலிருந்து பிறந்தவை. மின்சாரம் என்றாலே சுழலும் இயந்திரம்தான் என்று நூறாண்டுக்கு மேலாக நாம் பழகியிருக்கிறோம். நீராவியை அடைத்தால் டைனமோ நிற்கும், நின்றால் கம்பியில் மின்சாரம் இராது. சோலார் பேனலுக்கு அப்படி அடைக்க ஒரு வால்வு கிடையாது. அதன் இணைப்பைத் துண்டிக்கலாம். அதை அணைக்க முடியாது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள சோலார் தொழிலுக்கு அரை நூற்றாண்டு பிடித்தது. விண்வெளியில் ஒரு முறையும் ஆய்வுக்கூடத்தில் ஒரு முறையும் கற்ற பாடத்தைக் கூரையின்மேல் மறுபடியும் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது என்பதுதான் இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய செய்தி.

ஒளியிலிருந்து மின்சாரம் பிறப்பதை முதலில் கண்டவர் பாரிஸைச் சேர்ந்த எட்மண்ட் பெக்கெரல். ஆண்டு 1839, அவருக்கு வயது 19. அவருடைய கருவி அமிலக் கரைசலில் தோய்ந்த உலோகத் தகடுகள். திடப்பொருள் ஒன்றிலேயே அது நிகழும் என்று காட்டியவர்கள் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் வில்லியம் கிரில்ஸ் ஆடம்ஸும் ரிச்சர்ட் எவன்ஸ் டேயும். வெளிச்சம் பட்டால் செலினியத்தின் மின்தடை குறைகிறது என்று வில்லோபி ஸ்மித் 1873-இல் அறிவித்திருந்தார். அதைத் தொடர்ந்து ஆராய்ந்த இவ்விருவரும், பேட்டரியே இணைக்காத செலினியத்தின் அருகில் ஒரு மெழுகுவர்த்தியைக் கொண்டுசென்றபோதும் அளவியின் முள் நகர்வதை 1876-இல் கண்டார்கள். ஒரு மெழுகுவர்த்தி போதுமாயிருந்தது என்பதைப் பின்னால் தீயணைப்பைப் பற்றிப் பேசும்போது நினைவில் கொள்ள வேண்டும். நியூயார்க்கில் சார்ல்ஸ் ஃப்ரிட்ஸ் 1883-இல் செலினியத்தின்மேல் மெல்லிய தங்கப் பூச்சிட்டு முதல் பேனல்களைச் செய்தார். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே, 1882-இல், எடிசனின் பேர்ல் தெரு மின்நிலையம் அதே நகரில் ஓடத் தொடங்கிவிட்டது. எலக்ட்ரீஷியன் தொழிலின் இலக்கணமும் பாதுகாப்பு விதிகளும் அந்தச் சுழலும் இயந்திரத்தை வைத்தே எழுதப்பட்டன. 'மெயினை இறக்கு, பிறகு கைவை' என்ற வழக்கம் அங்கிருந்து வந்தது. கம்பியின் மறுமுனையில் எப்போதும் நிறுத்தக்கூடிய ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கை அந்த வழக்கத்துக்குள் புதைந்திருந்தது.

1954 ஏப்ரல் 25-இல் பெல் ஆய்வகம் சிலிக்கன் சூரியக் கலத்தை உலகுக்குக் காட்டியது. டேரில் சாப்பின், கால்வின் ஃபுல்லர், ஜெரால்ட் பியர்சன் ஆகிய மூவரும் செய்த அந்தக் கலம் தன்மேல் விழுந்த ஒளியில் சுமார் 6 சதவீதத்தை மின்சாரமாக்கியது. இன்றைய பேனலும் அடிப்படையில் அதே கலம்தான். அதற்குள் நடப்பதை இப்படிப் பார்க்கலாம். ஒளி பட்டதும் சிலிக்கனுக்குள் எலக்ட்ரான்கள் விடுபடுகின்றன. கலத்தின் உள்ளமைப்பு அவற்றை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. கம்பி இணைந்திருந்தால் அவை வெளியே ஓடி, விளக்கையோ மோட்டாரையோ இயக்கிவிட்டுத் திரும்பும். கம்பி இல்லையென்றால் வெளியே வழி இல்லை. இறைக்காத கிணற்றில் ஊற்று நீர் ஒரு மட்டம் வரை ஏறி, வருகிற அளவே மண்ணுக்குள் திரும்பக் கசிந்து நிலைகொள்வதைப்போல, எலக்ட்ரான்களும் ஓரளவு சேர்ந்தபின் உள்ளேயே தம் பழைய இடங்களுக்குத் திரும்பி அடங்குகின்றன. ஒவ்வொரு நொடியும் எத்தனை விடுபடுகின்றனவோ அத்தனையும் அடங்குகின்றன. ஆகவே எதுவும் தேங்கிப் பெருகுவதில்லை. வெடித்துவிடும் என்ற அச்சத்துக்கு இடமே இல்லை. ஆனால் அந்த மட்டம் இருக்கிறதே, அதுதான் மின்னழுத்தம். மின்னோட்டம் சுழியமாக இருக்கும் இந்த நிலையில்தான் கலத்தின் மின்னழுத்தம் உச்சத்தில் நிற்கிறது. ஒரு கலத்துக்கு 0.6 வோல்ட்டுக்குச் சற்று மேல். 60 கலங்கள் உள்ள பேனலுக்கு 38 வோல்ட் அளவில். அப்படி 20 பேனல்களைத் தொடராகக் கோத்தால் 700 வோல்ட்டைத் தாண்டும். மேகம் வந்தாலும் இது அதிகம் இறங்காது. வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் மின்னோட்டமும் பத்தில் ஒரு பங்காகிவிடும். மின்னழுத்தமோ ஏறக்குறையப் பத்து சதவீதம்தான் சரியும். விடியற்காலையின் மங்கிய ஒளியிலேயே ஒரு கூரையின் கம்பிகள் ஏறத்தாழ முழு மின்னழுத்தத்துக்கு வந்துவிடுகின்றன.

அப்படியானால் அந்த ஆற்றல் எங்கே போகிறது? பெரும்பகுதி வெப்பமாகிறது. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர்மேல் சுமார் 1000 வாட் விழுகிறது. இன்றைய நல்ல பேனல் அதில் 200 வாட்டையோ சற்று மேலாகவோ மின்சாரமாக வெளியே அனுப்புகிறது. இணைப்பு இல்லாதபோது அந்த 200 வாட்டும் பேனலிலேயே வெப்பமாக இறங்குகிறது. அதனால் பேனல் சில டிகிரி கூடுதலாகச் சுடும், அவ்வளவுதான். இது தொழிலுக்கு வெகு காலம் முன்பே தெரியும் என்பதற்கு நேரடிச் சான்று உண்டு. 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் தரைக்கான பேனல்களைத் தரப்படுத்தும் பெரிய திட்டத்தை 1975 முதல் 1986 வரை நடத்தியது. பேனல் இயல்பாக எவ்வளவு சூடாகும் என்பதைக் குறிக்க அந்தக் காலத்தில் நிலைபெற்ற அளவுகோல், சதுர மீட்டருக்கு 800 வாட் ஒளி, 20 டிகிரி காற்று, நொடிக்கு ஒரு மீட்டர் வேகக் காற்றோட்டம், அத்துடன் பேனல் எதனோடும் இணைக்கப்படாத நிலை என்று வகுக்கப்பட்டது. இணைக்காமல் அளப்பது எளிது என்பதோடு, அதுதான் கூடுதலாகச் சுடும் நிலை என்பதால் கணக்கு பாதுகாப்பான பக்கத்தில் நின்றது. பேனல் வேலை செய்துகொண்டிருக்கும்போது அளக்கும் முறையை ஐ.இ.சி. 61215 என்ற பன்னாட்டுத் தரநிலை 2016-இல்தான் கொண்டுவந்தது. இன்று பெரிய சோலார் நிலையங்களின்மேல் வெப்பக் கேமராவோடு டிரோன் பறக்கிறது. ஒரு வரிசை முழுக்க அண்டை வரிசைகளைவிடச் சீராகச் சற்றுச் சூடாகத் தெரிந்தால், அந்த வரிசையின் இணைப்பு எங்கோ அறுந்திருக்கிறது என்று பரிசோதகர் புரிந்துகொள்கிறார்.

எல்லாமே வெப்பமாகிவிடுவதில்லை என்பது இன்னும் அழகான உண்மை. திரும்பி அடங்கும் எலக்ட்ரான்களில் ஒரு பகுதி ஒளியையே மீண்டும் உமிழ்கிறது. சூரியக் கலத்தின் திறனுக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்று வில்லியம் ஷாக்லியும் ஹான்ஸ் குவைசரும் 1961-இல் கணக்கிட்டபோது, குறையே இல்லாத கலத்தில் எலக்ட்ரான்கள் திரும்பி அடங்கும் வழிகளில் இந்த உமிழ்வு மட்டும்தான் தவிர்க்க முடியாதது என்று எடுத்துக்கொண்டார்கள். அதன் முழுப் பொருளையும் 2012-இல் எலி யாப்லோனோவிச்சும் அவர் குழுவினரும் விளக்கினார்கள்: நல்ல சூரியக் கலம் நல்ல விளக்காகவும் இருக்க வேண்டும். காலியம் ஆர்சனைடு கலங்கள் இணைப்பின்றி ஒளியில் இருக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் எவ்வளவு பிரகாசமாக ஒளிர்கின்றனவோ அவ்வளவு உயர்ந்தவை. கழற்றிப்போட்ட பேனல் அடங்கிக் கிடக்கிறது என்று நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல மறுப்பு கிடையாது. சிலிக்கனில் இந்த ஒளி மிகச் சொற்பம். ஆனாலும் அந்தச் சொற்ப ஒளியைப் படம்பிடித்தே கம்பி இணைக்காத நிலையில் கலங்களின் குறைகளைக் கண்டறியும் முறை ஆஸ்திரேலியாவில் 2006 வாக்கில் உருவாகி, ஆலைகளில் நிலைத்துவிட்டது.

அணைக்க முடியாமையை முதலில் விலை கொடுத்துக் கற்றவர்கள் விண்வெளிக்காரர்கள். அமெரிக்கக் கடற்படையின் வான்கார்ட் 1 செயற்கைக்கோள் 1958 மார்ச் 17-இல் ஏவப்பட்டது. எடை ஒன்றரைக் கிலோகூட இல்லை. அதில் இரண்டு ரேடியோக்கள்: ஒன்றுக்குப் பேட்டரி, மற்றொன்றுக்கு ஆறு சிறு சூரியக் கலத் தொகுப்புகள். பேட்டரி ரேடியோ அந்த ஜூன் மாதத்திலேயே ஓய்ந்தது. சூரிய ரேடியோ 1964 மே வரை ஒலித்தது. அதன் வெற்றியே ஒரு சிக்கலாகவும் ஆனது: அதை நிறுத்தப் பூமியிலிருந்து ஒரு வழியும் வைக்கப்படவில்லை. வெயில் பட்டபோதெல்லாம் அது தன் அலைவரிசையைப் பிடித்துக்கொண்டு பேசியது. செயற்கைக்கோள்கள் பெருகிய பின், தரையிலிருந்து கட்டளையிட்டதும் ஒலிபரப்பை உடனே நிறுத்தும் கருவி ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும் என்று பன்னாட்டு ரேடியோ விதிகள் வற்புறுத்தின. அங்கேயும் அணைக்கப்படுவது ரேடியோதான், பேனல் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். பேட்டரி நிரம்பியபின் பேனலை என்ன செய்வது என்ற கேள்விக்கு விண்வெளிப் பொறியாளர்கள் கண்ட விடை இன்னும் வியப்பானது: அதன் இரு முனைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துவிட்டார்கள். பேட்டரியிலோ டைனமோவிலோ இப்படிச் செய்தால் தீப்பிடிக்கக்கூடும். சூரியக் கலத்தின் மின்னோட்டம் விழும் ஒளிக்கு மேல் போக முடியாது என்பதால், முனைகளைச் சேர்த்தாலும் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலான மின்னோட்டம்தான் ஓடும். மின்னழுத்தம் ஏறத்தாழ இல்லாமல் போகும். பூமியின் நிழலிலிருந்து உறைந்த குளிரோடு வெளிவரும் பேனலின் மின்னழுத்தம் வழக்கத்தைவிட வெகுவாக ஏறிநிற்கும் ஆபத்தையும் இது தவிர்த்தது. ஐரோப்பிய விண்வெளி முகமையில் ஓ'சல்லிவனும் வைன்பெர்க்கும் 1977-இல் இதை ஒழுங்கான மின்சுற்றாக வகுத்தார்கள். ஐரோப்பியச் செயற்கைக்கோள்களில் அந்த முறை தலைமுறைகளாக நிலைத்தது.

இந்த முறை பேனலைக் கெடுக்காதா என்று கேட்பவர்களுக்கு வானமே ஒரு சோதனை நடத்திக் காட்டியிருக்கிறது. அமெச்சூர் ரேடியோக்காரர்கள் 1974 நவம்பரில் ஏவிய ஆஸ்கர் 7 செயற்கைக்கோளின் பேட்டரி 1981-இல் பழுதாகி உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டது. பேனல்கள் தந்த மின்சாரம் எல்லாம் அந்தப் பழுதான பேட்டரி வழியே வீணாக ஓடியது; செயற்கைக்கோள் வாய்மூடியது, எல்லோரும் கைவிட்டார்கள். 2002 ஜூனில் அது மறுபடியும் பேசக் கேட்டது. ஒட்டியிருந்த பேட்டரி கடைசியில் விட்டுப்போனதால் பேனல்களின் மின்சாரம் நேராக ரேடியோவுக்கு வழி கண்டது என்பதே ஏற்கப்பட்ட விளக்கம். அன்றிலிருந்து வெயிலில் விழிப்பதும் நிழலில் அணைவதுமாக அது பல்லாண்டுகள் உழைத்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் பயனற்ற சுற்றில் மாட்டியிருந்தும் பேனல்கள் பிழைத்திருந்தன.

இதற்கு எதிராக ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. சும்மா வெயிலில் கிடப்பது கலத்தைக் கெடுக்கும் என்பதற்கு ஆய்வுக்கூடச் சான்று இருக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். இருக்கிறது. போரான் கலந்த சிலிக்கன் கலங்கள் முதன்முறை ஒளிபட்ட சில மணி நேரங்களில் சிறிது திறன் இழப்பதையும், 200 டிகிரிக்குச் சூடாக்கினால் அதை மீட்பதையும் ஃபிஷரும் ப்ஷுண்டரும் 1973-இல் கண்டார்கள். படிக ஒழுங்கு இல்லாத மெல்லிய சிலிக்கன் படலத்தில் இதைவிடப் பெரிய மாற்றத்தை 1977-இல் டேவிட் ஸ்டேப்லரும் கிறிஸ்டோபர் வ்ரான்ஸ்கியும் வெளியிட்டார்கள். கால்குலேட்டர்களில் நாம் கண்ட அந்த வகைப் படலம் பேனலானபோது, முதல் சில மாதங்களில் திறனில் பத்து சதவீதத்துக்கு மேலும் இழக்கக்கூடும் என்று தெரிந்தது. இரண்டிலும் குற்றவாளி நேரடியாக ஒளி அல்ல, உள்ளேயே திரும்பி அடங்கும் எலக்ட்ரான்கள்தான். இருட்டில் வைத்து வெளியிலிருந்து மின்சாரம் செலுத்தினாலும் அதே சீர்குலைவு வருவதே அதற்குச் சான்று. இணைப்பில்லாத கலத்தில் எல்லா எலக்ட்ரான்களும் உள்ளேயே அடங்குவதால், அந்த நிலை கூடுதல் கடுமையானது என்பது உண்மை. இன்று ஆய்வில் உள்ள பெரோவ்ஸ்கைட் கலங்களும் இணைத்து வேலை வாங்கும்போதைவிட இணைக்காமல் ஒளியில் வைத்தால் விரைவாகத் தேய்கின்றன. ஆனால் நம் கூரைகளில் இருப்பவை பெரும்பாலும் படிகச் சிலிக்கன் பேனல்கள். அவற்றில் இந்த முதல் இழப்பு ஒரு சில சதவீதத்தோடு நின்றுவிடும்; இணைத்திருந்தாலும் அது நேரும்; போரானுக்குப் பதில் காலியம் கலக்கும் ஆலைகள் அதையும் பெருமளவு ஒழித்துவிட்டன. கூடுதல் சில டிகிரி வெப்பத்தால் முதுமை சற்று விரைவது கோட்பாட்டளவில் சரி. எனினும் 85 டிகிரி வெப்பத்தில் சோதிக்கப்பட்டு வெளிவரும் பொருளுக்குச் சில மாதச் சும்மா இருப்பு ஒரு பொருட்டல்ல. உண்மையில் கெடுவது வேறு: மூடியில்லாமல் தொங்கும் இணைப்பு முனைகள். ஒன்றோடொன்று பொருத்திப் பூட்டியபின்தான் அவை நீர் புகாதவை. திறந்து கிடந்தால் மழையும் தூசியும் புகுந்து உள்ளே துரு ஏறும். பின்னால் அதே முனை சூடாகித் தீக்கு வழி வகுக்கும்.

பேனலுக்கு ஆபத்து சிறிது. பேனலைத் தொடும் மனிதருக்கு ஆபத்து பெரிது. தொழில் இதைத் தாமதமாகக் கற்றதுதான் என் வருத்தம். பேனல்கள் வீட்டுக் கூரைகளுக்கு வந்தபோது, தெருவில் மின்வெட்டு நேர்ந்தால், பேனலின் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டர் இரண்டு நொடிக்குள் தானே விலகிக்கொள்ள வேண்டும் என்று விதி செய்தார்கள். கம்பத்தில் ஏறும் லைன்மேன் உயிர் பிழைக்க அது மிக அவசியமான விதி. நண்பகல் மின்வெட்டில் சோலார் இருந்தும் வீட்டில் ஃபேன் ஓடாததன் காரணமும் இதுவே. ஆனால் அந்த விதி தெருப் பக்கக் கம்பியை மட்டுமே பார்த்தது. இன்வெர்ட்டர் விலகிய அந்த நொடியில் கூரைப் பக்கக் கம்பிகள் தம் உச்ச மின்னழுத்தத்துக்கு ஏறுகின்றன என்பது விதியின் கண்ணில் படவில்லை. அதுவும் நேர்மின்சாரம். மாறுமின்சாரம் நொடிக்கு நூறு முறை சுழியத்தைத் தொடுவதால் அதன் தீப்பொறி அணையச் சந்தர்ப்பம் உண்டு. நேர்மின்சாரத்தின் பொறி இழுக்க இழுக்க நீண்டு எரியும்.

அமெரிக்காவின் யு.எல். என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனம் தீயணைப்பு வீரர்களுக்காக நடத்திய ஆய்வு 2011-இல் வெளிவந்தது. தீயணைப்பு வண்டியின் விளக்கொளியும், எரியும் நெருப்பின் ஒளியும்கூட, பேனல்களில் ஆபத்தான அளவு மின்சாரத்தை எழுப்பக்கூடும் என்று அது காட்டியது. ஆடம்ஸ், டே ஆகியோரின் மெழுகுவர்த்தி சொன்னதும் இதுதான். தார்ப்பாய் போட்டு மூடிவிடலாமே என்ற யோசனையையும் அதே ஆய்வு சோதித்தது: தடித்த கருநிறத் துணி தாங்கியது, எளிதில் கிடைக்கும் நீலப் பிளாஸ்டிக் பாய் நம்பத்தக்கதாக இல்லை. 2013 செப்டம்பரில் நியூ ஜெர்சியின் டெலாங்கோவில் 7000-க்கு மேற்பட்ட பேனல்கள் கொண்ட ஒரு கிடங்கு எரிந்தபோது, மின்சாரம் தாக்கும் என்ற அச்சத்தால் வீரர்களைக் கூரையில் ஏற்ற முடியவில்லை, கிடங்கு அழிந்தது. அமெரிக்கத் தேசிய மின்விதித் தொகுப்பின் 2014 பதிப்பு, பேனல் தொகுதிக்கு வெளியே செல்லும் கம்பிகள் பத்து நொடிக்குள் 30 வோல்ட்டுக்கு இறங்க வேண்டும் என்றது. 2017 பதிப்பு தொகுதிக்கு உள்ளேயும் 80 வோல்ட் என்று வரம்பு கட்டியது.

இந்த விதியை எதிர்ப்பவர்களின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது. ஒவ்வொரு பேனலின் கீழும் ஒரு மின்னணுக் கருவியைச் சேர்த்தால் இணைப்பு முனைகள் பெருகும், தீப்பிடிக்கும் இடங்களும் பெருகும் என்கிறார்கள். ஜெர்மனி இந்த வழியில் செல்லவில்லை. குறைந்த மின்னழுத்த நிறுவல்மேல் நீரைச் சிதறலாக அடித்தால் ஒரு மீட்டர், நேர்த்தாரையாக அடித்தால் ஐந்து மீட்டர் என்று தூரம் வகுத்து, வீரர்களைப் பயிற்றுவிப்பதையே அது நம்பியது. எது மேல் என்பதைவிட, இரு நாட்டு விதிகளும் எதில் ஒத்துப்போகின்றன என்பதே முக்கியம். அமெரிக்க விதிகூடப் பேனலை அணைப்பதில்லை. நூற்றுக்கணக்கான வோல்ட் கொண்ட சங்கிலியைத் தனித்தனிப் பேனல்களாக உடைக்கிறது, அவ்வளவே. ஒவ்வொரு பேனலும் தன் நாற்பது வோல்ட்டோடு விழித்தே இருக்கிறது. வெளிச்சம் இருக்கும்வரை அதை அணைக்க எந்த விதியாலும் முடியாது.

இப்போது இதே கேள்வி மின்தொகுப்பின் அளவில் திரும்பியிருக்கிறது. கலிபோர்னியாவில் 2024-இல் மட்டும் சுமார் 34 லட்சம் மெகாவாட்-மணி காற்று, சூரிய மின்சாரம் எடுக்கப்படாமல் குறைக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி சூரியனுடையது. அங்கே யாரும் கம்பியைக் கழற்றுவதில்லை. இன்வெர்ட்டர் பேனல்களின் மின்னழுத்தத்தைச் சற்று உயர்த்தி, அவற்றை இணைப்பில்லா நிலையை நோக்கி நகர்த்துகிறது. மின்னோட்டம் சுருங்குகிறது, பேனல் சூடாகிறது. தமிழ்நாட்டிலும் இப்படி உற்பத்தியைக் குறைக்கச் சொன்னது வழக்கானது. மின்தொகுப்பின் பாதுகாப்புக்காக அல்லாமல் வேறு காரணங்களுக்காகச் சூரிய நிலையங்களைக் குறைக்கச் சொன்னதற்கு இழப்பீடு தர வேண்டும் என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. நிலக்கரி நிலையத்தைக் குறைத்தால் நிலக்கரி மிஞ்சும். பேனலைக் குறைத்தால் எதுவும் மிஞ்சுவதில்லை, அந்த நண்பகல் வெப்பமாகக் காற்றில் கலந்துவிடுகிறது. இந்த வேறுபாட்டைச் சட்டம் ஏற்றதை நான் சரியென்றே கருதுகிறேன்.

கூரையில் பேனல் வைத்திருப்பவர்களிடமும் அதைப் பொருத்துபவர்களிடமும் கேட்டுக்கொள்வது இது. இன்வெர்ட்டரின் சுவிட்சை இறக்கியதும் கூரைக் கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பாதீர்கள். மின்னோட்டம் ஓடும்போது இணைப்பு முனையைப் பிடுங்காதீர்கள். முதலில் நேர்மின்சார இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சான ஐசொலேட்டரைத் திருப்புங்கள். கழற்றிய முனைகளுக்கு மூடி போடுங்கள். வாசலில் தெரியும் இடத்தில் 'கூரையில் சோலார் உள்ளது' என்று எழுதிவையுங்கள். தீ பிடித்தால் முதலில் வரும் வீரருக்கு மெயின் சுவிட்ச் எங்கே என்று சொல்வதோடு, வெளிச்சம் இருக்கும்வரை மேலே மின்னழுத்தம் இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.